கிண்டி கத்திக்குத்தும் 'ரமணா' நியாயமும்

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் பாலாஜியை நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் பிழைத்துக்கொண்டார். அந்த வாரம் திருவண்ணாமலை டீக்கடைகளில் 'டாக்டர் எப்படி இருக்காரு?' என்று கேட்டவர்கள் குறைவு. 'பாவம், அந்தப் பையனோட அம்மாவுக்கு என்ன ஆச்சோ'தான் அதிகம்.

இதைக் குரூரம்னு ஒதுக்கிவிட முடியலை. 'ரமணா'வில் (2002) பிணத்துக்கு வைத்தியம் பார்த்துப் பில் போடும் மருத்துவமனையை விஜயகாந்த் மாட்டிவிடுவார். அதற்குக் கை தட்டியவர்களில் தாலியை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியவர்களும் உண்டு. கோபம் நிஜம்.

ஆனால் அது தனியார் பில் மீதான கோபம். கத்தி இறங்கியது காசு வாங்காத அரசு மருத்துவர் மேல். பில் போடுகிற முதலாளியை யாரும் நேரில் பார்ப்பதே இல்லையே! 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், இறந்துபோன கர்ப்பிணியின் கணவரால் கொல்லப்பட்ட டாக்டர் சேதுலட்சுமியும் கார்ப்பரேட் முதலாளி இல்லை. கைக்கு எட்டியவர், அவ்வளவுதான்.

மருத்துவமனை வன்முறைக்கு எதிராக 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. அந்தச் சட்டம் தாக்கியவரைத் தண்டிக்கும். எங்க ஊர் ஜி.எச்.சில் 'ஜிப்மருக்குக் கொண்டு போங்க'ன்னு சீட்டு எழுதும்போது, ஏன் என்று அந்தக் குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்ல ஒரு ஆளை அது தராது. டூட்டி டாக்டருக்கோ அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.