சிவப்பில் கடந்தவர் எல்லாரும் ஒரே மாதிரிக் குற்றவாளிகளா?

பிரிட்டனின் தானியங்கி லெவல் கிராசிங்கில் முதலில் மஞ்சள் விளக்கு சுமார் 3 விநாடி எரியும். அடுத்து இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னும். சிவப்பு வந்தபின் நிறுத்தக்கோட்டைத் தாண்டினால், 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி குற்றம். வழக்கமான தண்டனை 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும். வேண்டுமென்றே கடந்தாரா, தவறிக் கடந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை.

இந்தக் கண்டிப்புக்கு வலுவான நியாயம் உண்டு. சாலைச் சந்திப்பில் ஒருவர் சிக்னலை மீறினால் எதிரே வருபவர் பிரேக் போட்டுத் தப்பிக்கலாம். ரயிலுக்கு அந்த வசதி இல்லை. பாதிச் சாலையை மட்டும் மறைக்கும் கேட்டுகளில், விளக்கு எரிந்து அரை நிமிடத்துக்குள் ரயில் வந்துவிடக்கூடும். சாட்சியத்திலும் கேமரா பெரிய மாற்றம் செய்திருக்கிறது. “மஞ்சள்தான் எரிந்தது” என்ற வாய்ச்சொல் அதன் முன் நிற்காது. வண்டியின் உரிமையாளர் ஓட்டியவர் யாரென்று சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 புள்ளிகள்.

ஆனால் கோட்டைக் கடந்த கணத்தை நிரூபிக்கும் படம், கடந்த காரணத்தைச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும் கார் 3 விநாடியில் 80 மீட்டர் ஓடும். உலர்ந்த சாலையில் அது நிற்க 73 மீட்டர் போதும் என்கிறது அந்நாட்டுச் சாலை விதிநூல். ஆகவே நிறுத்த முடியாத தூரத்தில் இருப்பவர் சிவப்பு வருமுன்பே கோட்டைக் கடந்துவிடுவார். இதுவரை ஏற்பாடு சரி. மழையிலோ நிற்கும் தூரம் குறைந்தது இரு மடங்காகும் என்று அதே நூல் சொல்கிறது. அப்போது கோட்டிலிருந்து 100 மீட்டரில் மஞ்சளைக் காண்பவரால் நிற்கவும் முடியாது, நேரத்துக்குள் கடக்கவும் முடியாது. பாதுகாப்பாக நிறுத்த முடியாதவருக்கு மஞ்சளில் சட்டம் விலக்குத் தருகிறது. சிவப்பு வந்ததும் அது போய்விடுகிறது. மழையில் வேகத்தைக் குறைக்காதது அவர் பிழைதான். ஆனால் அது, கேட்டைச் சுற்றி வளைந்து புகுந்தவரின் துணிச்சலோடு சேர்த்து எண்ணத்தக்கதல்ல.

1968 ஜனவரியில் ஹிக்சன் என்ற ஊரின் லெவல் கிராசிங்கில் நடந்த விபத்து இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 120 டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிய 148 அடி நீள வண்டி, போலீஸ் துணையோடு, மணிக்கு 2 மைல் வேகத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது. எச்சரிக்கைக்கும் ரயிலுக்கும் இடையே இருந்தது 24 விநாடி. அந்த வண்டி முழுவதும் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் வேண்டும். ரயில் அதில் மோதி 11 பேர் இறந்தனர். ஓட்டுநரை மட்டும் பார்த்து முடிக்கக்கூடிய விபத்தல்ல அது.

எனவே குற்றத்தை நிலைநாட்டுவதில் கண்டிப்பு தொடரட்டும். தண்டனையை நிர்ணயிக்கும்போது பதிவு முழுவதையும் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்து எத்தனை விநாடி ஆனது, வண்டி என்ன வேகத்தில் வந்தது, சாலை ஈரமா என்பவை தீர்ப்பில் இடம்பெற வேண்டும். முதல் விநாடியில் சிக்கியவருக்குப் பயிற்சி வகுப்பு போதும். கேட் இறங்கியபின் புகுந்தவரை நீதிமன்றத்துக்கே அனுப்பலாம். ஒரே கிராசிங்கில் முதல் விநாடி வழக்குகள் குவிந்தால், அபராத ரசீதோடு ஒரு பொறியாளரும் அங்கே போயாக வேண்டும்.