வழிநூலும் வாசகர் தீர்ப்பும்: ஐசாக் அசிமோவின் ‘பன்ராஸ்ரிக் வொயேஜ்’

நூலொன்று திரைப்படமாவது நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் நிகழ்ச்சி. திரைப்படமொன்று நூலாவதோ அத்துணை மதிப்பைப் பெறாத நிகழ்ச்சி. முன்னதில் நூலாசிரியன் மூலகர்த்தாவாகவும், படம் எடுத்தோன் அவனுக்குக் கடன்பட்டவனாகவும் கொள்ளப்படுகின்றனர். பின்னதில் எழுத்தாளன் கூலிக்கு எழுதுவோன் என்ற அளவிலேயே எண்ணப்படுகின்றான். இவ்வெண்ணம் எவ்வளவிற் பொருந்தும் என்பதை ஆராய்தற்கு, ‘வியத்தகு பயணம்’ எனப் பொருள்படும் ‘பன்ராஸ்ரிக் வொயேஜ்’ என்னும் ஆங்கிலத் திரைப்படமும், அதனை அடியொற்றி ஐசாக் அசிமோவ் எழுதிய நாவலும் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். இரண்டும் 1966ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன.

படத்தின் கதை ஒட்டோ கிளெமென்ற், ஜெரோம் பிக்ஸ்பி ஆகிய இருவருக்குரியது. திரைக்கதை ஹரி கிளைனர் எழுதியது. நெறிப்படுத்தியவர் ரிச்சர்ட் பிளைஷர். மூளையிற் குருதி உறைந்து உணர்விழந்து கிடக்கும் விஞ்ஞானி ஒருவரைக் காப்பாற்ற வேண்டும். புறத்தேயிருந்து சத்திரசிகிச்சை செய்ய இயலாத நிலை. எனவே புரோட்டியஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலையும் அதிலுள்ள ஐவரையும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, நோயாளியின் குருதியோட்டத்திற் செலுத்துகின்றனர். 60 நிமிடத்துள் வேலையை முடித்து வெளியேறல் வேண்டும். தவறின் சுருங்கியவை மீண்டும் விரியத் தொடங்கும். ஐவருள் ஒருவரான மைக்கேல்ஸ் வஞ்சகர் என்பது பிற்பகுதியில் வெளிப்படுகின்றது. இருதயம், நுரையீரல், உட்செவி, மூளை எனச் செல்லும் பயணம், கண்ணீர்த் துளியொன்றில் நிறைவுறுகின்றது. கலையமைப்புக்கும் காட்சி விந்தைகளுக்குமாக இப்படம் இரண்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

இதனை நாவலாக்கும் பணி அசிமோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரசாயனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பொஸ்ரன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிற் கற்பித்தவர். மனித உடல் பற்றி 1963இலும், மூளை பற்றி 1964இலும் பொதுமக்களுக்கான நூல்களை எழுதியவர். பிறர் கதையை எழுதுவதற்கு முதலில் தயங்கிய அவர், கதையின் விஞ்ஞானப் பிழைகளைத் திருத்த இடமளிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைந்தார். அவர் விரைந்து எழுதியமையால், நூல் படத்துக்குப் பல திங்கள் முன்னரே வாசகர் கைகளை அடைந்தது.

இதன் விளைவாக வாசகரிடையே ஒரு தவறான கருத்து வேரூன்றியது. அசிமோவின் நாவலைத் தழுவியே படம் எடுக்கப்பட்டது எனப் பலர் நம்பினர். முந்தி வந்ததே மூலம் என்று கொள்வது இயல்பு. ஆயினும் அந்நம்பிக்கைக்குள் ஒரு மதிப்பீடும் மறைந்திருக்கின்றது. நூலைப் பாராட்ட விரும்பியோர், அது மூலமாக இருத்தல் வேண்டும் என்று கருதினர். உண்மை அறிந்தபின் சிலர் அதே நூலைத் தாழ்த்தி மதித்தனர். நூலிலே ஓர் எழுத்தேனும் மாறவில்லை. மாறியது அதன் பிறப்பு வரலாறு பற்றிய அறிவு மட்டுமே. பிறப்பை நோக்கி நூலின் தரத்தைத் துணிவது திறனாய்வு ஆகாது.

தமிழிலக்கண மரபு இவ்விடத்து நமக்குத் துணை செய்கின்றது. தொல்காப்பியர் நூலை முதல்நூல், வழிநூல் என வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தினார். பின்வந்த நன்னூலார், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவதே வழிநூல் என்றார். வழிநூல் என்பது இழிவுப் பெயர் அன்று. எதனை ஏற்றான், எதனை மாற்றினான், ஏன் மாற்றினான் என்பனவே அதனை அளக்கும் அளவுகோல்கள். அசிமோவின் நாவலையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் தகும்.

அவர் செய்த தலையாய மாற்றம் கதையின் இறுதியில் அமைந்தது. படத்தில் மைக்கேல்ஸ் உள்ளிருக்க, சிதைந்த கப்பலை ஒரு வெண்குருதியணு விழுங்கிவிடுகின்றது. ஏனைய நால்வர் நீந்திக் கண்ணீர் வழியே தப்புகின்றனர். கப்பலை அனைவரும் மறந்துவிடுகின்றனர். வெண்குருதியணு விழுங்கியதனாற் கப்பலின் அணுக்கள் இல்லாது போகுமா? 60 நிமிடம் கழிந்ததும் அவை விரிந்து நோயாளியைக் கொன்றுவிடுமன்றோ? படத்தைப் பார்த்த அசிமோவின் இளம் மகளே இக்கேள்வியைத் தந்தையிடம் எழுப்பினாள் என்பது அவர் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்த செய்தி. நாவலில் தப்பியோர் அந்த வெண்குருதியணுவைத் தம்மைத் துரத்துமாறு தூண்டி, விழுங்கப்பட்ட கப்பலோடு அதனையும் கண்வரை இழுத்து வருகின்றனர். கண்ணீர்த் துளியில் அனைத்தும் ஒருங்கே வெளிவருகின்றன. முடிபு படத்தின் முடிபே. அம்முடிபு நிற்பதற்கான காரணம் அசிமோவினுடையது. அதனோடு கதையின் சுவையும் மிகுகின்றது. தப்பியோடுவோர் தம் பகையைத் தாமே உடன் அழைத்துச் செல்லும் நிலை, வெறும் ஓட்டத்திலும் அச்சம் நிறைந்தது.

மற்றொரு திருத்தம் காற்றுப் பற்றியது. கப்பலிற் காற்றுக் குறைந்தபோது நுரையீரலிலிருந்து அதனை நிரப்பிக்கொள்வதாகப் படம் காட்டுகின்றது. ஒரு மனிதன் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கினான் எனக் கொள்வோம். சுருங்காத காற்றின் மூலக்கூறு அவனுடைய நுரையீரலுக்குப் பத்து இலட்சம் மடங்கு பெருத்ததாகும். அதனை அவன் சுவாசித்தல் எங்ஙனம்? அசிமோவ் உட்புகும் காற்றையும் சுருக்கும் கருவியொன்றைக் கப்பலில் அமைத்து இவ்விடரைத் தீர்த்தார்.

இத்திருத்தங்களைப் பயனற்றவை எனக் கூறுவோரும் உளர். மனிதனைச் சுருக்குவதே இயலாத செயல். அணுக்களை நெருக்கினால் நிறை குறையாது, அணுக்களை அகற்றினால் மூளையின் நுண்ணமைப்பு நிலையாது. அடிப்படையே பொய்யாயிருக்க, சிறு பிழைகளைத் திருத்துவதேன் என்பது அவர் வாதம். இது புனைகதையின் இயல்பை உணராத வாதம். வாசகன் தொடக்கத்தில் ஒரு பொய்யை அறிந்தே ஏற்றுக்கொள்கின்றான். ஏற்ற அந்த ஒன்றிலிருந்து பிறப்பன யாவும் ஒழுங்காகப் பிறக்கும் என்பதே ஆசிரியன் அவனுக்குச் செய்யும் உறுதி. 60 நிமிட எல்லை கதையை இயக்கும் விதி. அவ்விதி கப்பலுக்கு மட்டும் செல்லாது எனின், முன்னர் நாம் அடைந்த அச்சமெல்லாம் பொய்யாய் முடியும்.

குறைகளும் கூறப்படல் வேண்டும். நாவலின் மாந்தர் உயிர்ப்புக் குன்றியவர்கள். ஒரேயொரு பெண்பாத்திரமாகிய கோரா, பெரும்பாலும் ஆடவர் நோக்கின் வழியே நமக்கு அறிமுகமாகின்றாள். உரையாடல் சிற்சில இடங்களில் விரிவுரையாக மாறிவிடுகின்றது. குருதியணுக்கள் மிதந்து செல்லும் காட்சியைத் திரை வண்ணத்தாற் பேசாது காட்டுகின்றது. நூலோ அதனை விளக்குகின்றது. பாத்திரங்களின் மெலிவு ஓரளவு திரைக்கதை விட்டுச்சென்ற முதுசொம். விளக்கத்தின் மிகுதி அசிமோவுக்கே உரியது. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்காத வாசகர், இரவற் குறைக்கும் சொந்தக் குறைக்கும் ஒரே தண்டனை விதிக்கின்றனர்.

அசிமோவ் தாமும் இந்நூலைத் தம் முழுமையான படைப்பாகக் கொண்டிலர். 1987இல், அதே கருத்தை எடுத்து முற்றும் தமதாகவே மற்றொரு நாவலை எழுதினார். அது முன்னைக் கதையின் தொடர்ச்சி அன்று. அதிற் சுருக்கத்துக்குப் பிளாங்கின் மாறிலியைத் துணைக்கொண்டு விஞ்ஞான விளக்கம் தர முயன்றார். விளக்கம் சிறந்தது, கதையின் விரைவு தளர்ந்தது. பிறர் வகுத்த 60 நிமிடச் சட்டகத்துள் நின்று எழுதியபோது அவரிடம் இருந்த இறுக்கம், முழுச் சுதந்திரம் பெற்றபோது நெகிழ்ந்துவிட்டது என்பதே எம் துணிபு.

எனவே வழிநூல் என்பதனாலேயே ஒரு நூல் இழிந்ததுமன்று; புகழ்பெற்றோர் எழுதினார் என்பதனாலேயே உயர்ந்ததுமன்று. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இந்நாவலைப் படத்தோடு ஒப்புநோக்கிப் படிப்பாராயின், பிறர் விட்ட பிழையைக் கண்டு நகைப்பது எளிது, கதையின் முடிபைச் சிதைக்காது அப்பிழையைத் தீர்ப்பது அரிது என்பதை உணர்வர். அவ்வரிய செயலை அசிமோவ் இந்நூலிற் செய்துள்ளார். அதற்குரிய மதிப்பை, அது முதல்நூல் என்ற பொய்ப் புகழின் துணையின்றியே நாம் அதற்கு அளித்தல் வேண்டும்.