தானே நிருபர், தானே ஆசிரியர்

இதழியல் படிக்க வரும் மாணவர்களில் பலர் முதல் ஆண்டு முடிவதற்குள் சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் நான்கில் அடங்கிவிடும். எழுதிக் கை பழக வேண்டும். வேலை கேட்டுப் போகும்போது காட்ட நாலு கட்டுரை வேண்டும். பத்திரிகைகள் போடாததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். தன் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். நான்கும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் நான்குக்கும் ஒரே எடை கிடையாது. மாணவர்கள் மிகவும் விரும்பிச் சொல்லும் காரணமே இவற்றில் மிகவும் பலவீனமானது என்பது என் கருத்து.

முதலில் கை பழகுவது. இதில் மாணவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கல்லூரியின் பயிற்சி இதழ் பருவத்துக்கு ஓரிரு முறை வந்தால் பெரிது. அதிலும் வகுப்பில் உள்ள எல்லோருக்கும் பங்கு கொடுத்தாக வேண்டும். தேர்வுத்தாளில் எழுதும் செய்திக்கு வாசகர் கிடையாது, மதிப்பெண் மட்டும்தான் உண்டு. வாரம் ஒன்று எழுதி, அதை முன்பின் தெரியாத ஒருவர் படிக்கிறார் என்பதே எழுத்தை மாற்றும்.

ஆனால் தனியாகப் பழகினால் தவறும் சேர்ந்தே பழகும். ஒரு மாணவர் தன் ஊர்ப் பேருந்துச் சிக்கலை எழுதுகிறார் என்று வையுங்கள். ‘நாட்டின் வளர்ச்சிக்குப் போக்குவரத்து இன்றியமையாத ஒன்றாகும்’ என்று தொடங்கி, நான்கு பத்தி கடந்தபின் ‘இரவு 8.40 வண்டியும் இப்போது வருவதில்லை’ என்பார். உதவி ஆசிரியர் கையில் இது கிடைத்தால் முதல் நான்கு பத்தியும் போய்விடும், 8.40 வண்டி முதல் வரிக்கு ஏறும். பிறகு கேள்விகள் வரும். எந்தத் தேதியிலிருந்து வருவதில்லை? கிளை மேலாளரிடம் கேட்டாயா? டியூஷன் முடிந்து திரும்பும் பிள்ளைகள் எப்படி வீடு போகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கு அலைந்து பதில் கொண்டுவரும்போதுதான் அது செய்தியாகிறது. தன் பக்கத்தில் தானே வெளியிடுபவரிடம் இவற்றைக் கேட்க ஆள் இல்லை. நண்பர்கள் ‘சூப்பர்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விகடன் பல ஆண்டுகளாக நடத்திவரும் மாணவர் பத்திரிகையாளர் திட்டத்தின் பெருமை, மாணவரின் எழுத்தை அச்சில் ஏற்றியதில் மட்டும் இல்லை. அதை அடித்துத் திருத்த ஒருவரை உட்கார வைத்ததிலும் இருக்கிறது.

அடுத்து, வேலைக்குக் காட்ட. இதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் பிரையன் ஸ்டெல்டர். மேரிலாந்து மாநிலத்தின் டௌசன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோது, 2004 ஜனவரியில் கேபிள் செய்தித் தொலைக்காட்சிகளைப் பற்றி மட்டும் எழுதும் ஒரு தளம் தொடங்கினார். சில மாதங்களில் ஒரு நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, அவரையே தொடர்ந்து எழுத வைத்தது. 2007இல் படிப்பு முடிந்த கையோடு நியூயார்க் டைம்ஸ் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. இந்தக் கதையை ஊக்கத்துக்காகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஸ்டெல்டர் தன்னைப் பற்றி எழுதவில்லை. உலகத்தைப் பற்றிய தன் எண்ணங்களையும் எழுதவில்லை. குறுகிய ஒரு துறையை எடுத்துக்கொண்டு அன்றாடம் அதிலேயே கிடந்தார். அந்தத் துறையில் இருந்தவர்களே படித்தார்கள், தகவலும் அனுப்பினார்கள்.

இன்று இந்தக் காரணத்தின் பலம் இன்னும் குறைந்திருக்கிறது. நடையழகுள்ள கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் எழுதித் தருகிறது. ஆகவே நல்ல நடை ஒருவரின் திறமைக்குச் சான்றாக நிற்பது கடினம். போய்ப் பார்த்தது, கேட்டு வாங்கியது, ஆவணம் எடுத்தது ஆகியவையே சான்று. இதில் நிறுவனங்களின் பக்கமும் ஒரு குறை உண்டு. ஆள் எடுத்துப் பயிற்சி கொடுப்பது ஒரு காலத்தில் பத்திரிகையின் செலவாக இருந்தது. ‘ஏற்கெனவே எழுதிய லிங்க் அனுப்புங்க’ என்று கேட்கும்போது அந்தச் செலவு மாணவர் தலையில் விழுகிறது. பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு வாரம் ஒரு கட்டுரை என்பது மற்றவர்களுக்குப் போல எளிதல்ல.

மூன்றாவது, மாணவர்கள் மிகவும் விரும்பிச் சொல்லும் சுதந்திரம். பத்திரிகை முதலாளி, விளம்பரதாரர், ஆளுங்கட்சி என்று யாருக்கும் பயப்படாமல் எழுதலாம் என்கிறார்கள். பெரிய பத்திரிகைகள் தொடாததைத் தொடுவதற்குச் சொந்தமாக வெளியிடுவது தமிழுக்குப் புதிதல்ல. 1959இல் சி.சு. செல்லப்பா சொந்தப் பொறுப்பில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். 1970 வரை அது வெளிவந்தது. ஆனால் செல்லப்பா அதில் எழுத்தாளர் மட்டுமல்ல, ஆசிரியரும் கூட. பிறர் எழுத்தைத் தேர்ந்து போட்டவர், தன் கருத்துக்கு வந்த மறுப்பையும் அதே இதழில் சந்தித்தவர். இன்றைய தனிப்பக்கத்தில் அந்த உரசல் இல்லை.

தட்டிக்கேட்க ஆள் இல்லாத இடத்தில் தாங்கிப்பிடிக்கவும் ஆள் இருப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘எங்க ஊர்ப் பள்ளியில் நடந்த கொடுமை’ என்று ஆத்திரத்தோடு எழுதுபவருக்கு ஊர்ப் பெயரும் வகுப்பும் சேர்ந்தாலே அந்தக் குழந்தை யார் என்று தெரிந்துவிடும் என்பது தோன்றாமல் போகலாம். பத்திரிகை அலுவலகத்தில் அந்த வரி நாலு கண்ணைத் தாண்டித்தான் போகும்.

தாங்கிப்பிடிக்க ஓர் இதழ் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் தியோ பேக்கர், அதன் தலைவர் மார்க் டெசியே-லவீன் பங்கேற்ற ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக எழுந்த சந்தேகங்களை எழுதினார். தலைவர் தாமே தரவைத் திரித்தார் என்பதற்குச் சான்று இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது; ஆனால் பிழைகள் தெரிந்தபின் போதிய அளவில் திருத்தவில்லை என்றது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகல் அறிவித்தார். பேக்கர் அதை எழுதியது தன் தனிப்பக்கத்தில் அல்ல. 1973 முதல் பல்கலைக்கழகத்தின் பிடியில் இல்லாமல் தனித்து இயங்கும் ‘ஸ்டான்ஃபோர்ட் டெய்லி’ மாணவர் நாளிதழில்தான் எழுதினார். வழக்கறிஞர் கடிதம் வந்தபோது அவருக்குப் பின்னால் ஓர் இதழ் நின்றது. நிர்வாகத்தைச் சாராத இப்படிப்பட்ட இதழ் நம் கல்லூரிகளில் அரிது. தனிப்பக்கத்தின் உண்மையான நியாயம் இந்த இல்லாமையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறையைத் தனிப்பக்கம் முழுவதும் தீர்ப்பதில்லை.

பெயர் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் எட்டுப் பதிவு, தேர்வு வந்ததும் ஒன்று, அதன்பின் ஒன்றுமில்லை என்று பாதியில் நிற்கும் பக்கம் பெயரைக் கூட்டுவதில்லை.

அப்படியானால் தொடங்கவே வேண்டாமா? தொடங்கலாம், ஆனால் ஐந்தாவதாக ஒரு காரணத்துக்காக: யாரும் போகாத ஓர் இடத்துக்குத் தொடர்ந்து போவதற்காக. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அமைச்சர் வந்தால் ஒழிய நாளிதழ் நிருபர்கள் அங்கே போய் உட்காருவது அரிது. மாணவருக்குப் பத்திரிகையாளர் அடையாள அட்டை இல்லை என்பது அங்கே குறையே அல்ல. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவரும் சபையின் உறுப்பினர். மே கூட்டத்தில் வைத்த குடிநீர்த் தீர்மானம் ஆகஸ்டில் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதலாம். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பதிலுக்கு 30 நாள் கெடு. இப்படி ஓராண்டு எழுதியவரின் பக்கத்தில் அந்த ஊரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத பதிவு சேர்ந்திருக்கும். கையும் பழகியிருக்கும், காட்டவும் சரக்கு இருக்கும், பெயரும் தானாக வந்திருக்கும்.

தொடங்குகிறவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். வெளியிடும் முன் ஒரு வகுப்புத் தோழரையாவது படிக்கச் சொல்லி, கேள்வி கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். குற்றம் சாட்டப்படுபவரின் பதிலைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். தவறு தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், திருத்தம் என்று தேதியோடு போடுங்கள். கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் பக்கங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், வாரம் ஒரு மணி நேரம் ஓர் ஆசிரியரை உட்கார வைத்து அவற்றைத் திருத்திக் கொடுங்கள். அதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

ஆசிரியரிடமிருந்து தப்பிக்கத் தொடங்கும் பக்கம் நெடுநாள் நிற்காது. தனக்குத்தானே கண்டிப்பான ஆசிரியராக இருக்கப் பழகுபவருக்கு மட்டுமே அது பயிற்சி.