புரியாத மொழியும் அச்சமும்: ‘தாகோன்’ திரைப்படத்தை முன்வைத்து

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்திற்கு ஏறும் வழி தொடங்கும் தேயிலைத் தோட்டம் போனக்காடு. அங்குள்ள பாழடைந்த பங்களாவைப் பற்றி வழங்கும் கதையொன்றில், விறகு பொறுக்கச் சென்ற எழுத்தறியாப் பெண் திரும்பி வந்து ஆங்கிலம் பேசுகிறாள். பழகிய வாயில் பழகாத மொழி. அச்சம் உருவத்தால் அன்றி மொழியால் பிறக்கிறது. இக்கூறு திரையில் எவ்வாறு அமைகிறது என்பதற்கு ஸ்டூவர்ட் கோர்டன் இயக்கிய ‘தாகோன்’ (2001) தக்க சான்றாகும்.

எச். பி. லவ்கிராஃப்ட் 1936இல் வெளியிட்ட, ‘இன்ஸ்மவுத்’ என்னும் கற்பனை ஊரைப் பற்றிய குறுநாவலே இதன் அடிப்படை. படத்தில் களம் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்கு மாறுகிறது. மீன்வளம் குன்றிய ஊரார் தேவாலயத்தைத் துறந்து, மீனும் பொன்னும் அருளும் கடல்தெய்வத்திற்கு நரபலி இடுகின்றனர். புயலில் சிக்கிக் கரையேறும் அமெரிக்க இளைஞன், அவர்தம் பேச்சு விளங்காமல் மழையில் அலைகிறான். இறுதியில் அவன் தாய் அவ்வூரினள் எனத் தெரியவருகிறது. அவனை அச்சுறுத்திய மொழி அவன் தாய்வழி மொழியே. போனக்காட்டுக் கதையில் அயல்மொழி உள்ளே புகுகிறது. இங்குத் தன்மொழி அயலாகி நிற்கிறது.

ஆகவே, எதனை மொழிபெயர்ப்பது, எதனை விடுப்பது என்பதே இப்படத்தைத் தமிழாக்குவோர் முன்னுள்ள வினா. ஊர்ப்பெயர் மொழிபெயர்ப்பை வேண்டுகிறது. ‘இன்ஸ்மவுத்’ படத்தில் ‘இம்போக்கா’ ஆயிற்று. ‘மவுத்’, ‘போக்கா’ இரண்டும் வாயைக் குறிப்பன. தமிழில் ‘கழிமுகம்’ நிலவமைப்பைத் தரும். விழுங்கும் வாயைத் தராது. ‘புகார்’ பொருந்தும் பழஞ்சொல்லே எனினும் இன்று முறையீட்டையே நினைவூட்டும். ‘ஆற்றுவாய்’ என்னும் ஆக்கம் இரு பொருளையும் காக்கும். தெய்வப்பெயருக்குத் தமிழ் விவிலியத்தின் ‘தாகோன்’ என்னும் வடிவமே ஏற்றது.

உரையாடலுக்கு இது பொருந்தாது. ஊராரின் பேச்சுக்குத் தமிழில் எழுத்துரை இடின், நாயகன் அறியாததைப் பார்வையாளர் அறிந்துவிடுவர், அச்சம் நீங்கும். முதியவர் எசேக்கியேலாக நடித்த பிரான்சிஸ்கோ ரபால் ஊர் வரலாற்றை ஸ்பானியச் சாயல் மிகுந்த ஆங்கிலத்தில் கூறுகிறார். பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் செல்லும் அவ்வுரையைச் செப்பமான தமிழில் தருவது பிழையாகும்.

பிற்பகுதியில் தோலுரிக்கும் கொடுமையும் கடற்பூதமும் வெளிப்படக் காட்டப்படுவதால் படத்தின் செறிவு குறைகிறது. அனைத்தையும் காட்டிய இயக்குநரின் தவறு, அனைத்தையும் விளக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நேரக்கூடியது. விளக்காது விடுவதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையே என்பதை இப்படம் உணர்த்துகிறது எனலாம்.