பாசறையும் பாக்கமும்

பழந்தமிழ் நூல்களிலுள்ள யவனர் குறிப்புக்களை வாணிகச் சான்றாக மட்டும் கொண்டு அமைதல் போதாது. முல்லைப்பாட்டின் பாசறையில் அரசனுக்குப் பள்ளியறை அமைப்பவர் யவனர். அருகிருந்து காப்போர் சைகையாற் பேசும் மிலேச்சர். அரசனுக்கு இவரினும் அணியர் யாவர்? ஆயினும் நப்பூதனார் காண்பன வன்கண்ணும் வலிய யாக்கையும் உரையா நாவுமே. சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்திலோ பிறநாட்டு வணிகர் கலந்து உறைகின்றனர். யவனர் இருக்கை காண்போர் கண்ணைக் கவர்கின்றது. அச்சக் குறிப்பு அங்கில்லை. அண்மை மட்டும் காழ்ப்பைக் குறைக்காது, ஒத்த நிலையும் பொது நோக்கமும் வேண்டும் என்பது 1954-இல் ஆல்போர்ட் வகுத்த கொள்கை. ஏவலர்க்கும் வணிகர்க்குமுள்ள நிலை வேறுபாடே ஈண்டுப் புலவர் நோக்கையும் வேறுபடுத்திற்று எனலாம். கால வேறுபாட்டைக் காரணமாகக் காட்டுவோர் ஏவலர் நிலையை மறந்தனர். எனினும் ஒன்று உறுத்துகின்றது: மருவூர்ப்பாக்க வருணனையிலும் யவனர் வாய்திறந்திலர்.