விளையாட்டுக்குள் ஒரு தோட்டம்

துன்பம் கலவாத மகிழ்ச்சி எவற்றிலிருந்து பிறக்கும் என்று ஆராயும் தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலில் அதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். செல்வம் ஒன்று, கல்வியால் வரும் அறிவு ஒன்று, காதலர் கூட்டம் ஒன்று, விளையாட்டு ஒன்று. செல்வத்தையும் விளையாட்டையும் அவர் வேறு வேறாக எண்ணினார் என்பது கருதத்தக்கது. பொருள் தேடுவதற்காகவே ஒருவன் விளையாடுவானாயின், அது விளையாட்டாகுமா, தொழிலாகுமா? தொழிலாயின், அவனுக்குரிய கூலி யாது? அக்கூலியில் பங்கு கொள்வோர் யாவர்?

இவ்வினாக்களை எழுப்பும் ஆங்கில நாவல் ஒன்று உண்டு. கனடாவிற் பிறந்த கோரி டாக்டரோ என்பவர் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபார் தி வின்' என்பது அது. 'வெற்றிக்காக' என்பது தலைப்பின் நேர்ப்பொருள். வெளிவந்து பல ஆண்டுகள் கடந்த நூலை இப்போது மதிப்பிடுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் எம் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன். தானா ராத்தாவிலிருந்து கீழே இறங்கிப் பட்டணத்தில் வேலை தேடியவன், சென்ற ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தான். ஓர் அறையில் நால்வராக அமர்ந்து, இரவெல்லாம் கணினியில் ஆட்டம் ஆடி, ஆட்டத்துக்குரிய காசைச் சேர்த்து ஒருவருக்குக் கொடுத்து வந்தார்களாம். ஒருநாள் ஆட்ட நிறுவனம் அவர்கள் கணக்கை முடக்கிவிட்டது. காசு வாங்கியவர் அம்மாதக் கூலியைத் தரவில்லை. "என்னைப் பாட்டுன்னு நெனைச்சிட்டாங்க சார்" என்றான் அவன். 'பாட்' என்பது மனிதனுக்குப் பதிலாகத் தானே ஆடும் கணினி நிரல். ஒரு மனிதன் தன்னை இயந்திரம் என்று பிறர் முடிவு செய்துவிட்டதாகக் கூறிய அச்சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதன் பின்னரே இந்நாவலைத் தேடிப் படித்தேன். ஆசிரியர் அதனை விலையின்றிப் படிக்கும் வண்ணம் இணையத்தில் வெளியிட்டிருக்கின்றார்.

இவ்வாட்டங்களை அறியாத ஆசிரியப் பெருமக்களுக்குச் சில சொல்லவேண்டும். பல்லாயிரவர் ஒரே காலத்தில் இணையத்தின் வழியே கூடி ஆடும் ஆட்டங்கள் இவை. 2004-இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' அவற்றுள் புகழ் பெற்றது. அரக்கர்களை வீழ்த்துவோருக்குப் பொற்காசு கிடைக்கும். அக்காசைக் கொண்டு வாள், கவசம், ஊர்தி முதலியவற்றை ஆட்டத்துக்குள்ளேயே வாங்கலாம். ஆனால் காசு சேர்க்க ஒரே செயலை நூறு முறை, ஆயிரம் முறை செய்யவேண்டும். பணமிருந்து பொழுதில்லாதவர், மெய்யான பணத்தைக் கொடுத்து அப்பொய்க் காசை வாங்குகின்றனர். ஆட்டத்தின் விதி பெரும்பாலும் இதைத் தடுத்தும் வாணிகம் நின்றபாடில்லை. காசு சேர்த்துக் கொடுக்கும் தொழிலில் சுமார் 4 லட்சம் பேர் இருப்பதாகவும், அவருள் பெரும்பாலோர் சீனர் என்றும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஹீக்ஸ் 2008-இல் மதிப்பிட்டார்.

இத்தொழிலின் கூலிக் கணக்கை ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் 2007-இல் 'நியூ யார்க் டைம்ஸ்' இதழில் வெளியிட்டார். சீனத்து நான்ஜிங் நகரில், இரவு முழுதும் பன்னிரண்டு மணி நேரம் ஆடும் இளைஞர் ஒருவர் 100 காசு சேர்த்தால் பெற்ற கூலி சுமார் 1.25 டாலர். அதே 100 காசை அவர் முதலாளி 3 டாலர் அல்லது அதற்கு மேலும் பெற்று வணிகரிடம் விற்றார். வணிகரோ கடைசியில் வாங்குபவரிடம் 20 டாலர் வரை பெற்றார். இருபதில் ஒன்றேகால் என்பது பதினாறில் ஒரு பங்கு. நம் பழங்கணக்கில் அதற்கு வீசம் என்று பெயர். உழைத்தவனுக்குக் கிடைத்தது வீசம். மற்றப் பதினைந்து வீசமும் இடையில் நின்றவர்களுக்குப் போயிற்று.

இக்கணக்கே டாக்டரோவின் கதைக்கு அடிப்படை. அவர் 2004-இல் எழுதிய 'ஆண்டாஸ் கேம்' என்ற சிறுகதையில் இதன் வித்து உள்ளது. ஆண்டா என்ற ஆங்கிலச் சிறுமி, ஆட்டத்துக்குள் குடிசைகளில் அமர்ந்து ஓயாது சட்டை தைக்கும் உருவங்களைக் கொல்லப் பணம் பெறுகின்றாள். அவ்வுருவங்களின் பின்னே, அவளையொத்த ஏழைச் சிறுமியர் மெக்சிகோவில் கூலிக்கு உழைக்கின்றனர் என்பதைப் பின்னரே அறிகின்றாள். நாவலில் இக்கருத்து விரிவு பெறுகின்றது. இங்கே வருபவள் பம்பாய்த் தாராவியில் வாழும் மாலா. இயந்திரப் படைகளை நடத்தும் ஆட்டத்தில் அவள் காட்டிய திறத்தால் 'ஜெனரல் ரோபோவாலா' என்று பட்டம் பெறுகின்றாள். அத்திறத்தைக் கண்ட ஒருவர் அவளுக்குப் பணம் கொடுத்து, ஆட்டத்துக்குள் உழைக்கும் பிறரைத் தாக்கச் செய்கின்றார். தாக்கப்படுவோர் சங்கம் சேர முயலும் கூலிகள். தன்னைப் போன்றவரையே தான் அடிக்கின்றோம் என்று மாலா உணரும் இடமே நாவலின் உயிர்நிலை எனலாம்.

தாராவி என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் ஓர் உறவு தோன்றும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்று அங்கே குடியேறிய தமிழர் பலர். அவர் வடக்கே சென்ற காலத்தில் நம் முன்னோர் கிழக்கே கப்பலேறினர். எனவே இந்நாவலை அயலார் கதையாகப் படித்தல் நமக்கு இயலாது. சங்கத்தை ஒன்றுபடுத்தும் தலைவியும் நமக்கு அண்டையிலிருந்தே வருகின்றாள். முன்னர் ஆலைத் தொழிலாளியாக இருந்த நோர் என்ற மலாய்ப் பெண், சிங்கப்பூரிலிருந்து அதனை நடத்துகின்றாள்.

கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப் பெற்றபோது மலாயாவில் கங்காணி முறை நடைமுறையில் இருந்தது. ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த கங்காணி, பெரட்டுக்கு வந்த தலைகளை எண்ணித் தலைக்காசு பெற்றார். திறமில்லாத் தொழிலாளரை உதவிப் பணம் தந்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. முறை போயிற்று, ஆயினும் உழைப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நின்று தலையெண்ணிக் காசு பெறும் வழக்கம் உலகை விட்டுப் போகவில்லை என்பதை இந்நாவல் காட்டுகின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பறிப்பவள் கண்ணால் காணலாம். கணினியில் சேர்த்த காசுக்குத் தராசும் இல்லை, நிறுப்பவர் முகமும் இல்லை. இதுவே வேறுபாடு.

நாவலில் என்னைப் பெரிதும் கவர்ந்தது வேறோர் அமைப்பு. ஆட்டத்துக்குள் கடைக்காரராகவும் காவலராகவும் வரும் உருவங்களைக் கணினியே இயக்குகின்றது. அதற்கு விளங்காத நிலை நேரும்போது, கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதர் ஒருவர் மறைவில் புகுந்து அவ்வுருவமாகப் பேசுவார். இவர்களுக்கு 'துருக்கர்' என்று பெயர். 1770-இல் கெம்பெலன் என்பவர் செய்த, சதுரங்கம் ஆடும் துருக்கப் பதுமையின் நினைவாக வந்த பெயர் அது. அப்பதுமையினுள்ளும் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். ஒரு பக்கம் மனிதன் இயந்திரம்போல் உழைத்து இயந்திரம் என்று இகழப்படுகின்றான். மறுபக்கம் இயந்திரம் தடுமாறும் இடத்தில் மனிதன் ஒளிந்து நின்று அதற்குப் பெருமை தேடித் தருகின்றான். இவ்விரண்டையும் ஒரே கதையில் வைத்துக் காட்டியது ஆசிரியரின் நுண்மை. என் மாணவன் கூறிய சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கியது இவ்விடத்திலேதான்.

எதிர்த்தரப்பையும் நேர்மையோடு கேட்கவேண்டும். பொழுதுபோக்காக ஆடுவோரின் குறை பொய்யன்று. காசு அளவின்றிப் பெருகினால் ஆட்டச் சந்தையில் விலை ஏறும். நல்ல வேட்டைக் களங்கள் நெரிசலாகும். திருடப்பட்ட கணக்குகளும் இவ்வாணிகத்தில் புழங்குகின்றன. ஆனால் அவர்களுடைய சினம் சேரும் இடம் எது? 'சீன உழவன்' என்பது ஒரு காலத்தில் வசைச் சொல்லாகவே வழங்கியது. பொன்னை வாங்குபவனுக்கு அப்படியொரு வசை ஏற்படவில்லை. 'கிளைடர்' என்றொரு பாட் நிரல், வழக்கு மூண்டு அமெரிக்க நீதிமன்றம் 2010-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்புக் கூறிய காலத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. அதை வாங்கியோர் எல்லாரும் கூலிப் பட்டறையினர் அல்லர். தாம் உறங்கும்போதும் தம் உருவம் காசு சேர்க்கவேண்டும் என்று விரும்பிய சாதாரண ஆட்டக்காரர் பலர். அங்கே இயந்திரம் வசதி எனப்பட்டது. ஏழை ஆடினால் அது குற்றம் எனப்பட்டது.

நூலின் குறைகளையும் கூறாது விடுதல் முறையன்று. கதை விறுவிறுப்பாகச் செல்லும் இடங்களில் ஆசிரியர் அதை நிறுத்திவிட்டுப் பணவீக்கம், பங்குச் சந்தை முதலியன பற்றிப் பாடம் நடத்துகின்றார். பாடம் தெளிவானதே, நானும் பாடம் நடத்தியே வாழ்பவன். ஆயினும் மாலாவின் கையில் விட்டிருந்தால் கதையே அப்பாடத்தை இன்னும் நன்றாக நடத்தியிருக்கும். நாடு, மொழி, சமயம் ஆகிய வேற்றுமைகளைக் கடந்து தொழிலாளர் ஒன்றுபடுவது நாவலில் மிக விரைவாக நிகழ்கின்றது. தோட்டத்தில் ஒரு லயத்தாரும் மறு லயத்தாரும் ஒரு கூட்டத்தில் அமர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை அறிந்தவருக்கு அவ்விரைவு நம்பத் தக்கதாய் இல்லை.

நாவலுக்குப் பின் உலகில் நிகழ்ந்தது நாவலினும் கசப்பானது. வியட்நாமில் உருவான 'ஆக்சி இன்ஃபினிட்டி' என்ற ஆட்டம் 2021-இல் பிலிப்பைன்சில் பெரிதும் பரவிற்று. அதை ஆடுவதற்கு அக்காலத்தில் முதலில் சில உயிர்ப்பதுமைகளை விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. வாங்க இயலாத ஏழைக்கு உடையவர் அவற்றை இரவலாகத் தந்து, அவன் ஈட்டியதில் பங்கு பெற்றார். தந்தவருக்கு 'மேனேஜர்' என்று பெயர். பெற்றவனுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஸ்காலர்'! மாணாக்கன் உதவிச் சம்பளம் பெற்றுக் கற்பதைக் குறிக்கும் சொல்லை, வாரத்துக்கு உழைப்பவனுக்குச் சூட்டினர். 2022-இல் அவ்வாட்டக் காசின் விலை வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் 60 கோடி டாலருக்கு மேல் அதன் வலையமைப்பிலிருந்து களவும் போயிற்று. கல்விக்குரிய சொல்லைக் கூலிக்கு முகமூடியாக்கியதை ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் பொறுத்துக்கொள்ள இயலாது.

ஆகவே இந்நாவலை, கலையழகு குறைந்த இடங்கள் உண்டெனினும், நம் ஆசிரியர்கள் படிக்கவேண்டும் என்பேன். கணினி ஆடாதே என்று பிள்ளைகளைக் கடிந்துரைப்பதால் மட்டும் பயனில்லை. அம்மாணவனை நான் கடிந்துரைக்கவுமில்லை. ஒரு தாளில் 1.25, 3, 20 என்று எழுதிக் கொடுத்து, கழித்துப் பார் என்றேன். நெடுநேரம் தாளைப் பார்த்திருந்தவன், "எங்களுக்கு எவ்வளவுன்னு நாங்க கேக்கவே இல்லையே சார்" என்றான். ஐந்தாம் ஆண்டு வகுப்பிலேயே அவன் கழித்தல் கணக்கை நன்றாகச் செய்தவன்தான். அதை எங்கே செய்யவேண்டும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.