கதைகளில் கூவும் குயில்

நம் சிறுகதைகளில் பொழுது விடிய வேண்டுமானால் ஒரு குயில் கூவியாக வேண்டும். கதாநாயகியின் மனசு கனத்திருந்தால் அது சற்றுச் சோகமாகக் கூவும். மற்ற வேளைகளில் 'ஏதோ ஒரு பறவை' கத்திவிட்டுப் போகும். பிறரைக் குறை சொல்லவில்லை. நானும் இருபது வருஷமாக இப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் புள்ளையும் சேர்த்தார். நாம் எல்லா நிலத்துக்கும் ஒரே குயிலைப் போட்டுவிட்டோம்.

சென்ற மார்ச்சில் ஒரு நாள், பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு என்னைக் காரில் அழைத்துப் போனார். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஓர் ஓடையருகே இறங்கினோம். யாரோ பையன் சீட்டியடித்தான். மெட்டு பாதியில் மறந்து, வேறெங்கோ போய் முடிந்தது. பையனைத் தேடினால், பாறைமேல் கருப்பாய் ஒரு பறவை. வெயில் பட்டதும் நெற்றியும் தோளும் நீலமாய் மின்னின. சீகாரப் பூங்குருவி என்றார் நண்பர்.

பிற்பகலில் ஓர் இருவாச்சி தலைக்குமேல் போயிற்று. பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல் இறக்கையோசைதான் முதலில் வந்தது. அடைகாக்கும் காலத்தில் இதன் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் மிச்சம். அதன் வழியே ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். இப்படியொரு குடும்பக் கதையை நான் எழுதியிருந்தால், நாடகத்தனம் என்று நானே கிழித்துப் போட்டிருப்பேன்.

வீடு திரும்பியதும் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' தொகுப்பை மறுபடி எடுத்தேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதியவர். தமிழிலும் எழுதினார், அதை நம் இலக்கியக்காரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. யாருடைய சோகத்தையும் சுமப்பதற்காக அவர் பறவையை அழைத்து வருவதில்லை. அது என்ன செய்கிறதென்று பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த வாக்கியங்களில் சதையே இல்லை, எலும்புதான். ஆனால் நிற்கின்றன.

என் பழைய கதையொன்று மறுபதிப்புக்கு வந்திருக்கிறது. தேயிலைத் தோட்டம், விதவைப் பெண் ஒருத்தி, துணையை இழந்த பெண்குயில் கூவுகிறது. கூவுவது ஆண்குயில். பெண்ணுக்கு அந்தப் பாட்டு கிடையாது. திருத்த உட்கார்ந்தேன். குயிலை எடுத்தால் அவள் துக்கத்துக்கு அந்தப் பக்கத்தில் வேறு ஆதாரமே இல்லை. இரண்டு நாளாக அந்தத் தாள் மேஜைமேல் கிடக்கிறது.